வாசலில் நிறுத்தப்பட்ட மகள்மார்

சிலாபத்திலிருந்து குருநாகல் வீதியால் போகும் பஸ் முன்னேஸ்வரத்தைத் தாண்டும்போதெல்லாம் என் கண்கள் கோயில் கோபுரத்தின் பக்கம் போகும். இராவணனை வென்று திரும்பிய இராமன் இங்கே தங்கிச் சிவனை வழிபட்டான் என்பது அக்கோயிலின் ஐதீகம். அயலில் வாழும் இந்துச் சகோதரிகள் அந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குள் ஒரு கேள்வி எழும். அதே போரில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த மண்டோதரி என்ன சொன்னாள்? வென்றவன் போன வழியைச் சொல்கிறார்கள். இராணியாக இருந்த அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கிரேக்கப் புராணக் கதைகளை வாசித்தபோதும் இதே கேள்வி என்னைத் துரத்தியது. ட்ரோய் போருக்குப் புறப்பட்ட அகமெம்னோன், அகிலிஸுக்கு மணமுடித்துத் தருவதாகச் சொல்லித் தன் மகள் இபிஜீனியாவை அழைப்பித்தான். கல்யாணப் பெண்ணாக வந்தவளுக்குக் காத்திருந்தது பலிபீடம். கப்பல்களுக்குக் காற்று வேண்டுமாம். கொரிந்து நகரத்து இளவரசியின் கதை இன்னொன்று. ஜேசன், தனக்காக எல்லாவற்றையும் துறந்து வந்த மெடியாவைத் தள்ளிவிட்டு இந்த இளவரசியை மணக்கிறான். மெடியா அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையை அணிந்து அவள் இறந்துபோகிறாள். கி.மு. 431இல் யூரிப்பிடிஸ் மேடையேற்றிய நாடகத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. மேடைக்கும் அவள் வருவதில்லை. அவளது மரணத்தைக்கூட இன்னொருவர் வந்துதான் சொல்கிறார்.

இது தூரத்து நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். இதே கதை நமது கரையிலும் இருக்கிறது.

விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி நமது புத்தளக் கரையோரத்தில்தான் இருந்தது என்று கருதுவோர் பலர். வில்பத்துக் காட்டுக்குள் குவேனியின் மாளிகை என்று சொல்லப்படும் இடிபாடுகளும் உள்ளன. மகாவம்சம் சொல்லும் கதை நாம் அறிந்ததே. நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனி விஜயனுக்குத் துணையாகி, தன் இனத்தாரையே காட்டிக்கொடுத்து, அவனுக்கு இரண்டு பிள்ளைகளையும் பெற்றுக் கொடுத்தாள். முடிசூட வேண்டிய வேளை வந்ததும் அவனுக்கு அரச குலத்துப் பெண் தேவைப்பட்டாள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடு என்று குவேனிக்குச் சொல்லப்பட்டது. பிள்ளைகளோடு தன் இனத்தாரிடம் திரும்பிய அவளை அவர்களே கொன்றார்கள்.

குவேனிக்காக இன்று இரங்குவோர் உண்டு. அவள் இடத்துக்கு மதுரையிலிருந்து வந்த பாண்டிய இளவரசியை நினைப்போர் யார்? மகாவம்சத்தில் அவள் பாண்டு மன்னனின் மகள், அவ்வளவுதான். ஒரு வார்த்தையும் அவள் பேசுவதில்லை. ஆனால் அவளோடு பதினெட்டுத் தொழிற்குழுக்களைச் சேர்ந்த 1000 குடும்பங்கள் வந்ததைக் கதை எண்ணிச் சொல்கிறது. விஜயன் ஆண்டுதோறும் மாமனாருக்கு அனுப்பிய முத்தின் விலை இரண்டு இலட்சம் என்றும் சொல்கிறது. முத்துக்கு விலை குறித்தவர்கள் அந்தப் பெண்ணின் சொல் ஒன்றையாவது குறித்து வைத்திருக்கலாம்.

என்னை உலுக்கியது அதே கதையில் வரும் இன்னொரு செய்தி. விஜயனின் தோழர்களுக்கும் மணப்பெண்கள் வேண்டும் என்பதால் பாண்டிய மன்னன் ஊரெங்கும் முரசறைவிக்கிறான். மகளை இலங்கைக்கு அனுப்பச் சம்மதிப்பவர்கள் அவளுக்கு இரட்டிப்பாக உடைகள் கொடுத்து வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும், அதை அடையாளமாகக் கொண்டு அழைத்துப் போவோம் என்கிறான். குடும்பங்களுக்கு ஈடும் கொடுக்கப்பட்டது. கவனியுங்கள், அங்கே சம்மதம் கேட்கப்படாமல் இல்லை. தந்தைமாரிடம் முரசடித்தே கேட்கப்பட்டது. வாசலில் நின்றவளிடம்தான் யாரும் கேட்கவில்லை.

குதிரைமலையில் ஆண்டதாக நமது கரையோர மக்கள் சொல்லும் அல்லி அரசாணிக்கும் இதே கதிதான். ஆண்களுக்கு அடங்காத அந்த அரசி தூங்கிக்கொண்டிருந்தபோது அருச்சுனன் தாலி கட்டினான் என்கிறது தமிழ் நாட்டார் கதை. சிரிப்பதற்காகச் சொல்லப்படும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழங்கதைகளை இன்று ஏன் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹ் நடந்தது. மணப்பெண்ணோடு நான் அறைக்குள் இருந்தேன். சம்மதமா என்று கேட்டு வரச் சொன்னார்கள் என்று ஒருவர் கதவடியில் வந்து நின்றார். மணப்பெண் தலையை நிமிர்த்துவதற்குள் பக்கத்திலிருந்த சாச்சி "ஓம், ஓம், சம்மதம்தான்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தோம், நானும் சேர்ந்துதான். அவளுக்கு உண்மையிலேயே சம்மதம். இன்று நன்றாகவும் வாழ்கிறாள். ஆனால் சம்மதம் இல்லாதிருந்தால்? அதைச் சொல்ல அவளுக்கு அங்கே இடம் இருந்ததா? 1951ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நமது முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் பதிவுக்கு மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை.

நமது மார்க்கம் காட்டியது வேறு வழி. ஸூரா அந்நம்லில் வரும் ஸபா நாட்டு அரசிக்கும் அல்குர்ஆனில் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் ஸுலைமான் (அலை) அவர்களின் கடிதத்தைப் பிரதானிகளுக்கு அறிவிப்பதும், ஆலோசனை கேட்பதும், முடிவெடுப்பதும், இறுதியில் தன் வாயாலேயே ஈமானை ஏற்பதும் அவளே. பிர்அவ்னின் மனைவியும் பெயரின்றியே வருகிறார். குழந்தை மூஸா (அலை) அவர்களுக்காகப் பரிந்து பேசியதும், தன் ரப்பிடம் கேட்ட துஆவும் பதியப்பட்டுள்ளன. பெயரைவிடச் சொல் பெரியது என்பதை நான் இங்கேதான் கற்றேன்.

தன் விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் திருமணத்தை நபி (ஸல்) அவர்கள் செல்லாததாக்கினார்கள். கன்னிப் பெண்ணிடமும் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்றும் கற்பித்தார்கள். அவளது மௌனமே சம்மதம்தானே என்று சிலர் சொல்வர். உண்மைதான். ஆனால் அது வெட்கப்படுபவளுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. அவளிடம் கேட்ட பிறகு அவள் காக்கும் மௌனம்தான் சம்மதம். கேட்காமலே கிடைக்கும் மௌனம் வாசலில் நிறுத்தப்பட்டவளின் மௌனம்.

அன்பான பெற்றோர்களே, எங்களுக்கு நல்லதையே தேடுவீர்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பாண்டிய மன்னனும் தன் மகளை எல்லா ஆபரணங்களும் பூட்டித்தான் அனுப்பினான். நகை குறையலாம், சீர் குறையலாம். கேள்வி மட்டும் குறையக் கூடாது. நிக்காஹ் நாளில் கதவடியில் நின்று அவசரமாகக் கேட்பது போதாது. பேச்சுத் தொடங்கும் நாளிலேயே, மறுத்தாலும் கோபம் வராது என்ற உறுதியோடு கேளுங்கள்.

வாப்பா இந்த இதழை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். வாப்பா, என் முறை வரும்போது சாச்சியிடம் கேட்க வேண்டாம். என்னிடமே கேளுங்கள். நான் வெட்கப்படாமல் பதில் சொல்வேன்.