வேர்க்கடலைத் தோல்

தமிழய்யா போன செய்தி எனக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் ஊருக்குப் போக முடிந்தது. சாப்பாடு முடிந்ததும் பந்தலில் மைக் வைத்து, பழைய மாணவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றார்கள். கல்விக்கடல், அறிவுச் சுரங்கம், வாழும் வள்ளுவர் என்று வரிசையாக வந்தன. பதினாறாம் நாளில் 'வாழும்' என்றவரை யாரும் திருத்தவில்லை. அய்யா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

என் முறை வந்தபோது நினைவில் வந்து நின்றது வேர்க்கடலை. ராத்திரி கட்டுரை நோட்டு திருத்தும்போது அய்யா சட்டைப் பையில் வறுத்த கடலை வைத்துக்கொள்வார். மறுநாள் நோட்டைப் பிரித்தால் தாளிடுக்கில் செம்பழுப்பாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். மொத்தத்தையும் படித்துவிட்டார் என்பதற்கு எங்களுக்கு அதுதான் அத்தாட்சி. தப்புக்குச் சிவப்பு மையால் சுழிக்க மாட்டார். ஒற்று விட்டுப்போயிருந்தால் ஓரத்தில் பென்சிலால், "த் எங்கே போனார்?" என்று கேட்டிருப்பார். ஒற்றெழுத்துக்கும் மரியாதை.

இதையெல்லாம் மைக்கில் எப்படிச் சொல்வது? "அய்யா ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்றிரவு சித்தப்பா வீட்டுத் திண்ணையில் தூக்கம் பிடிக்கவில்லை. தன் ஆசிரியரின் சரித்திரத்தை எழுதிய தமிழறிஞர் உ.வே.சா.வின் ஞாபகம் வந்தது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் பதின்வயதுப் பையன். வேங்கடராமன் என்ற அந்தப் பையனைச் சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கியவரே பிள்ளைதான். ஆனால் பையனுக்கு ஒரு குறை. பாடம் சொல்லும் பொறுப்பைப் பிள்ளை, சவேரிநாத பிள்ளை என்ற மூத்த மாணவரிடம் கொடுத்திருந்தார். பெரியவரிடமே கேட்க வேண்டும் என்று ஆசை. வாய் திறக்கப் பயம்.

பிள்ளைக்குச் செடிகொடி என்றால் உயிர். தோட்டத்தில் வைத்த மரங்கள் துளிர்த்திருக்கின்றனவா என்று காலையில் போய்ப் பார்ப்பார். இதைக் கவனித்த பையன், அவருக்கு முன்பே எழுந்து தோட்டமெல்லாம் சுற்றி, எங்கெங்கே தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டினான். அவர் முகம் மலர்ந்தது. அந்த நெருக்கத்தில்தான் பாடம் கேட்கத் துணிவு வந்தது. 'என் சரித்திரம்' நூலில் இந்த அத்தியாயத்துக்குத் 'தளிர் ஆராய்ச்சி' என்றே தலைப்பு. கெட்டிக்காரப் பையன், கொஞ்சம் காரியக்காரனும்கூட. அதைத் தானே எழுதியும் வைத்தார் பாருங்கள்.

பிள்ளை மறைந்தது 1876 பிப்ரவரி 1ஆம் தேதி. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து திருவாசகம் படித்தது இந்த மாணவர்தான். பிறகு ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணி, 1894இல் புறநானூறு என்று பதிப்பித்துக்கொண்டே போனார். ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்டபோது 1933, 1934 ஆகிவிட்டது. முதல் பாகம் வந்தபோது மாணவருக்கே வயது 78. ஆசிரியரைப் படுத்திய கடன் தொல்லையைக்கூட அதில் அவர் ஒளிக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை பாடிய தலபுராணங்களில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை. நாலு பாட்டுக்கு மேல் எனக்கு மூச்சு வாங்கும். ஆனால் விடிகாலையில் செடிக்கு முன்னால் நின்று துளிரைத் தேடும் அந்த மனிதரை எனக்குப் பழக்கம். மாணவர் அந்தத் துளிரைச் சின்ன விஷயம் என்று தள்ளியிருந்தால், பிள்ளை எனக்கு வெறும் நீளப் பெயர். கடலைத் தோலைச் சொல்லியிருக்கலாம் என்று அப்போது பட்டது.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அய்யா வீட்டுத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். அவர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'எங்களுக்கு தமிழ் தந்த ஆசானே!' 'த்'தைக் காணோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஸ்கூட்டர் சத்தம். டயர் கடை வைத்திருக்கும் என் பழைய பெஞ்சுக்காரன், கையில் கறுப்பு மார்க்கர்.

"ராத்திரியே பாத்துட்டேன்டா. கடை தொறந்து மார்க்கர் வாங்க இவ்ளோ நேரம் ஆயிருச்சு," என்றான். "ஸ்கூட்டரைப் புடி, நான் ஏறணும்."