மாத்திரையும் மாடிப்படியும்

உங்களுக்கு ஐம்பத்தைந்து வயது என்று வைத்துக் கொள்ளுங்கள். (கோபித்துக் கொள்ளாதீர்கள், ஒரு பேச்சுக்குத்தான்!) ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்து, டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். கூடவே, "தினமும் நன்றாக நடக்க வேண்டும், அம்மா" என்றும் சொல்லி அனுப்புகிறார். நீங்களும் இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்கிறீர்கள். மூன்றாம் நாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது தொடை இரண்டும் பிடித்துக் கொள்கின்றன. எதிர் வீட்டு மாமி வந்து, "கொழுப்பு மாத்திரையா? அது தசையைத் தின்றுவிடுமாமே! என் ஓரகத்தி அதை நிறுத்தியே விட்டாளே!" என்கிறாள். அன்று இரவே மாத்திரை, அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து கொள்கிறது. வீட்டுக்காரருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

வலியைக் காட்டிலும் இந்த ரகசியந்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு முறை மாரடைப்பு வந்தவர்களும், இருதயக் குழாயில் 'ஸ்டென்ட்' வைத்துக் கொண்டவர்களும் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால், அடுத்த மாரடைப்புக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

'ஸ்டாடின்' என்ற இந்த மருந்து பிறந்த கதையே ஸ்வாரஸ்யமானது. அரிசியில் பூஞ்சணம் பூத்தால் நாம் என்ன செய்வோம்? முகத்தைச் சுளித்துக் கொண்டு வெளியே கொட்டுவோம். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி கொட்டவில்லை. சுமார் 6,000 பூஞ்சணங்களை அலசிப் பார்த்து, கியோட்டோ நகரத்துத் தானியக் கடை அரிசியில் கிடைத்த ஒன்றிலிருந்து 1973-ல் இந்த வகையின் முதல் மருந்தைக் கண்டுபிடித்தார். ஈரல் தானே கொழுப்பைத் தயாரிப்பதை இது குறைக்கிறது. அதனால் ஈரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக் கொள்கிறது. ரத்தத்தில் கொழுப்பு இறங்குகிறது.

சரி, தொடை வலிக்கு யார் காரணம்? மாத்திரையா, நடையா?

பழக்கமில்லாத தேகாப்பியாசத்தால் வரும் வலிக்கு ஒரு சுபாவம் உண்டு. அன்றைக்கே வராது, மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்கு வரும். வேலை செய்த தசையில் மட்டும் இருக்கும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே போய்விடும்.

மாத்திரை வலி அப்படியல்ல. மருந்தைத் தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வருவது வழக்கம். இடுப்பு, தொடை, கெண்டைக்கால், தோள் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நடக்காத நாளிலும் இருக்கும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, கொடியில் புடவை உலர்த்தக் கையைத் தூக்க முடியவில்லை என்றால், அது வெறும் வலியல்ல, தசையின் பலவீனம். அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

லண்டனில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். உபாதை தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேர் சேர்ந்தார்கள். சில மாதங்களுக்கு நிஜ மாத்திரை, சில மாதங்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெறும் மாத்திரை; எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. சில மாதங்கள் மாத்திரையே கிடையாது. தினமும் உபாதைக்கு அவர்களே மார்க் போட்டார்கள். நிஜ மாத்திரையில் பட்ட அவஸ்தையில் 100-க்கு 90 பங்கை வெறும் மாத்திரையிலும் பட்டிருந்தார்கள்! கணக்கைக் காட்டிய பிறகு பாதிப் பேர் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு, "எல்லாம் மனப் பிரமை" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வலி நிஜம்தான், மாத்திரை அதற்குப் பெரும்பாலும் காரணமில்லை என்பதுதான் விஷயம். பெண்கள் வலி என்றாலே தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிடுகிற டாக்டர்களும் இருக்கிறார்களே! மாத்திரையால் வலி உண்டாவதும் உண்டு. 2022-ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், முதல் வருஷத்தில் 1,000 பேரில் சுமார் 11 பேருக்கு மருந்தினாலேயே உபாதை வந்தது தெரிந்தது.

"வலி இருக்கிறதே, நடையை நிறுத்தி விடட்டுமா?" என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் நைமேகன் என்ற ஊரில் வருஷந்தோறும் நான்கு நாள் நடைவிழா நடக்கும். ஒரு நாளைக்கு 30, 40, 50 கிலோமீட்டர் என்று நடப்பார்கள். ஸ்டாடினால் தசை வலி உள்ளவர்கள், வலியில்லாமல் அதைச் சாப்பிடுகிறவர்கள், சாப்பிடாதவர்கள் என மூன்று கூட்டத்தாரை அங்கே சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். வலி உள்ளவர்களுக்கு நடையால் தசைச் சேதம் மற்றவர்களைவிட அதிகமாகவில்லை. ஆகையால் நடக்கலாம், மெள்ளக் கூட்டிக் கொண்டு போகலாம். முதல் நாளே மகனோடு 'ஜிம்'முக்குப் போய் பளு தூக்குவதுதான் வேண்டாம்.

பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தைராய்டு. அது குறைவாகச் சுரந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். அந்த நிலையில் ஸ்டாடினும் சேர்ந்தால் உபாதை கூடும். அந்தச் சோதனை செய்தாயிற்றா என்று கேட்டுக் கொள்ளுங்கள். படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனஸோல், தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைஸின் ஆகியவை சில ஸ்டாடின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வேறு டாக்டரிடம் போனாலும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரே ஓர் அபாயம் உண்டு, வெகு அபூர்வம். கடுமையான வலி, பலவீனம், கூடவே சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போவது. தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் அடையாளம் அது. அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி டாக்டரிடம் பல வழிகள் இருக்கின்றன: அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடின் கொடுக்கலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தரலாம், எஸெடிமைப் போன்ற வேறு இனத்து மருந்துக்கு மாற்றலாம். 'சி.கே.' என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், அதற்கு முந்திய சில நாட்கள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். பயிற்சியாலேயே அந்த எண் ஏறிவிடும். வலி எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த இடத்தில், அதற்கு முன் என்ன புதிதாகச் செய்தீர்கள் என்று காலண்டர் ஓரத்தில் குறித்து எடுத்துப் போங்கள்.

கடைகளில் 'இயற்கை மருந்து' என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பதும் ஒரு ஸ்டாடின்தான். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் டப்பாவுக்கு டப்பா வேறுபடும்!