கிராம வங்கி நம்ம வங்கி! பயிர்க்கடனைக் கேட்டு வாங்குவோம்!



சம்பாவுக்கு நாற்று விட்டாச்சு. கையில காசு இல்லை. உழவுக்கும் உரத்துக்கும் வீட்டுப் பெண்களின் தோடும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குப் போகுது. வங்கியே இல்லாத ஊரா நம்ம புதுச்சேரி?

1877-லேயே பிரெஞ்சுக்காரனின் இந்தோசீனா வங்கி இங்கே கிளை திறந்தது. ரூபாய் நோட்டையே அதுதான் வெளியிட்டது. ஆனால் அது காலனி வியாபாரத்துக்கு வந்த வங்கி. ஏர் பிடிச்சவனுக்கு வந்ததல்ல.

நமக்கென்று வந்தது கிராம வங்கி. 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் முதல் 5 கிராம வங்கிகள் தொடங்கின. 1976-ல் வந்த சட்டத்தின் முகவுரையே சிறு, குறு விவசாயி, விவசாயத் தொழிலாளி, கைவினைஞர் என்று நம்மைத்தான் சொல்கிறது. புதுச்சேரிக்கு அது வந்து சேர 33 வருஷம் ஆச்சு. பாரதி புதுவைக்கு வந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2008 மார்ச்சில், புதுவை பாரதியார் கிராம வங்கி பிறந்தது. அதில் மத்திய அரசு 50, இந்தியன் வங்கி 35, புதுச்சேரி அரசு 15 சதவீதப் பங்கு. அத்தனையும் மக்கள் பணம்.

தமிழ்நாட்டில் பல்லவன், பாண்டியன் இரண்டு கிராம வங்கியையும் 2019-ல் இணைத்து, தலைமையகத்தைச் சேலத்தில் வைத்தார்கள். 2025 மே 1-ல் நாடு முழுக்க 43 கிராம வங்கிகள் 28 ஆகச் சுருங்கின. நம்ம வங்கி தனியாகவே நிற்கிறது. முறையிட ஒரு பஸ் ஏறினால் போதும். இந்த வசதியை நாம் பயன்படுத்துகிறோமா?

விதி நம்ம பக்கம் இருக்கு. கிராம வங்கி தரும் கடனில் 100-க்கு 75 முன்னுரிமைத் துறைக்குப் போகணும். விவசாயத்துக்கு 18, அதில் சிறு, குறு விவசாயிக்கு 10. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 தான். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் வாரதாரருக்கும்கூட கிசான் கார்டு உண்டு.

நடப்பு என்ன? நம்மில் சிலர் ஒரு வங்கிக்குப் போனோம். "பட்டா யார் பேர்ல?" என்றார்கள். குத்தகை என்றோம். "நகை இருந்தா கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நிலத்துக்காரர் எழுதித் தர மாட்டார். எழுதாமல் கார்டு கிடையாது. இடையில் கொழிப்பவன் வட்டிக்கடைக்காரன்.

வாங்கிய கடனைக் கட்டுவது நம் கடமை. தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போயிடும். அதையும் மறக்க வேண்டாம்.

நமது கோரிக்கைகள்:

1. 2 லட்சம் வரை அடமானம் கேட்காமல் பயிர்க்கடன் கொடு!
2. குத்தகை விவசாயிகளைக் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடு!
3. மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு!
4. கிராம வங்கியை வேறு எதோடும் இணைக்காதே, தனியாருக்கு விடாதே!

வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், பத்துப் பேராகப் போங்கள்.

ஒன்றுபடுவோம்! உரிமையைப் பெறுவோம்!