ஆறுதலுக்கு அளவுகோல் எதற்கு?

கல்லறைத் திருநாளன்று மாலையில் நம் கல்லறைத் தோட்டங்களில் சற்றே நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒரே குடும்பத்தார் ஒரே கல்லறையைச் சூழ்ந்து நின்றாலும், ஒருவர் நிற்பதுபோல் மற்றவர் நிற்பதில்லை. மூத்த மகன் களை பிடுங்குகிறான். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறான். மருமகள் மெழுகுதிரிகளை வரிசையாக ஏற்றுகிறாள். இளைய மகள் சிலுவையின் அடியில் அமர்ந்து விம்முகிறாள். பேரனோ வாயிலருகே ஒதுங்கி நின்று, எப்போது புறப்படுவோம் என்பதுபோல் பார்க்கிறான். இவர்களுள் மிகுதியாக அன்பு செய்தவர் யார்? துயரினின்று தேறியவர் யார்? தேறாதவர் யார்?

இக்கேள்விகளைக் கேட்பதே தவறு என்பது நம் கருத்து. ஆயினும் இன்று நம்மைச் சுற்றிலும் இக்கேள்விகளே ஒலிக்கின்றன. அவற்றிற்கு ஆயத்த விடைகளும் விற்பனையாகின்றன. மனிதரை இத்தனை வகையினர் என்று பிரித்து, ஒவ்வொரு வகையினரும் தம் துயரத்தை எவ்வாறு 'முடித்து' வைத்துவிட்டு முன்னே நகர வேண்டும் என்று கற்பிக்கும் வகுப்புகளும் கையேடுகளும் பெருகிவிட்டன. நீ சிந்தனை வகையினன், எனவே காரணங்களை எழுதி முடிவு காண். நீ உணர்வு வகையினள், எனவே இறந்தவர்க்குக் கடிதம் எழுதி அதை எரித்துவிடு என்று அவை அறிவுரை கூறுகின்றன. இந்த அறிவுரைகளின் அடித்தளம் எத்தகையது என்பதை நாம் ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மனிதரின் உளப்பாங்குகளைப் பற்றி கார்ல் யுங் 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். அதைத் தழுவி, அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்னும் தாயும் இசபெல் மையர்ஸ் என்னும் மகளும் 16 வகைகளைக் கொண்ட வினாத்தாளை உருவாக்கினர். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவரல்லர். அந்த வினாத்தாளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் நிரப்புவோரில் கணிசமானோர் வேறொரு வகையில் போய் விழுகின்றனர் என்பது ஆய்வாளர்கள் கண்டது. ஆடி மாதத்தில் ஒரு வகையினராகவும் ஆவணியில் மற்றொரு வகையினராகவும் இருக்கக்கூடிய ஒருவரிடம், அவருடைய வாழ்நாள் துயரத்தை எந்த வகைக்கேற்ப ஆற்றச் சொல்வது? ஒன்பது கோணங்களைக் கொண்ட மற்றொரு வகைப்பாடு 1970களில் அமெரிக்க இயேசு சபையினர் சிலர் வழியாகக் கத்தோலிக்கத் தியான இல்லங்களுக்குள் நுழைந்தது. புதுயுக இயக்கம் பற்றி 2003இல் உரோமை வெளியிட்ட ஆவணம், அதை ஆன்மிக வளர்ச்சிக்கான கருவியாகக் கொள்வதைப் பற்றி எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை நம்மில் எத்தனை பேர் செவிமடுத்தோம்?

வகைகளுக்கு அடுத்து வருபவை படிகள். மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து படிகளை அறியாத பயிற்சியாளர் இன்று இல்லை. ஆனால் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய நூல், சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளோடு உரையாடிப் பெற்றது. இறந்தவரைப் பறிகொடுத்து வீட்டில் அமர்ந்திருப்போரைப் பற்றிய ஆய்வாக அது பிறக்கவில்லை. அப்படிகள் ஒழுங்காக ஏற வேண்டிய ஏணி என்று தவறாகக் கொள்ளப்பட்டதை அவரே தம் இறுதி நாள்களில் எழுதி வருந்தினார். 'முடிவு வேட்கை' என்னும் சொல்லாட்சியின் கதையும் இத்தகையதே. 1994இல் குருக்லான்ஸ்கியும் வெப்ஸ்டரும் அதை அளக்க ஓர் அளவை அமைத்தபோது, ஐயத்தைப் பொறுக்க மாட்டாமல் விரைந்து ஒரு விடையைப் பற்றிக்கொள்ளும் மன இயல்பையே அவர்கள் கருதினர். விடை தேடும் அறிவைப் பற்றிய அந்தச் சொல், இன்று தாயை இழந்த மகளின் நெஞ்சின்மேல் ஒட்டப்படுகிறது.

இதனால் விளையும் கேடு ஏட்டளவில் நிற்பதில்லை. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தாய் இறந்தார். மகன் ஒரு துளி கண்ணீரும் சிந்தவில்லை. அடக்கத்திற்கு மறுநாளே வீட்டுக் கூரையின் உடைந்த ஓடுகளை மாற்றினான். முப்பதாம் நாள் திருப்பலிக்குள் கல்லறையைத் தன் கையாலேயே கட்டி முடித்தான். துட்டி கேட்க வந்தோர் அவனைக் கல்நெஞ்சன் என்றனர். மகளோ ஓராண்டு ஆகியும் தாயின் சேலையை மடியில் வைத்துக்கொண்டு மாலைதோறும் அழுதாள். ஒரு பயிற்சி வகுப்பில் அவளது வகையைக் குறித்துக் கொடுத்து, சேலையைத் தானமாகக் கொடுத்துவிட்டால் முடிவு பிறக்கும் என்றனர். அவள் கொடுத்தாள், முடிவு பிறக்கவில்லை, சேலைதான் போயிற்று. அண்ணன் அம்மாவை மறந்துவிட்டார் என்று தங்கையும், இவள் ஊரறிய நடிக்கிறாள் என்று அண்ணனும் எண்ணினர். இன்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. தாயின் சாவு பிரிக்காத உடன்பிறப்புகளைத் துயரத்தின் அளவுகோல் பிரித்துவிட்டது.

கென்னத் டோகா, டெரி மார்ட்டின் என்னும் அறிஞர் இருவர், துயருறுவோரில் சிலர் உணர்ச்சி வழியாகவும் சிலர் செயல் வழியாகவும் துக்கம் காக்கின்றனர் என்றும், பெரும்பாலோர் இரண்டும் கலந்தவர் என்றும், ஆண் பெண் என்ற பேதத்தால் மட்டும் இது அமைவதில்லை என்றும் விளக்கினர். ஸ்ட்ரோப், ஷுட் என்போர் 1999இல் மேலும் ஓர் அடி சென்று, ஒரே மனிதர் ஒரே நாளில் இழப்பை நோக்கியும் வாழ்வை நோக்கியும் மாறிமாறி அசைகிறார் என்றும், அந்த அசைவே நலமானது என்றும் கூறினர். ஓடு மாற்றிய மகன் ஏணியின் உச்சியில் அமர்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கக்கூடும். அழுத மகள் மறுநாட்காலை எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு பொங்கினாள் என்பதை நாம் அறிவோம். இருவரும் ஒரே துக்கத்தையே காத்தனர். அதைச் சொல்ல வேண்டிய நாம் சொல்லவில்லை.

பெத்தானியா வீட்டில் நடந்தது என்ன? இலாசர் இறந்து நான்கு நாளாயிற்று. மார்த்தா ஊருக்கு வெளியே சென்று ஆண்டவரை எதிர்கொண்டார். மரியா வீட்டிலேயே இருந்துவிட்டார். சகோதரியர் இருவரும் ஆண்டவரிடம் கூறிய முறையீடு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மார்த்தாவிடம் உயிர்ப்பைப் பற்றி உரையாடிய இயேசு, மரியா அழக் கண்டபோது தாமும் கண்ணீர் விட்டார். மரியாவிடம் மார்த்தாவைப்போல் எழுந்து பேசு என்றோ, மார்த்தாவிடம் மரியாவைப்போல் அழு என்றோ அவர் கூறவில்லை. உயிர்ப்புக்குப் பின்னும் இதையே காண்கிறோம். மகதலா மரியா கல்லறையை விட்டு அகல மறுத்தார். பேதுரு மீன் பிடிக்கப் போனார். சீடர் இருவர் பேசிக்கொண்டே எம்மாவுக்கு நடந்தனர். தோமா தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றார். அவரவர் நின்ற இடத்திற்கே ஆண்டவர் வந்தார். தோமாவைச் சற்றே கடிந்துகொண்டதும் தம் காயத்தை அவர்முன் காட்டிய பின்னரே. மகதலா மரியாவிடம் தம்மைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டாமென்று கூறி அனுப்பியதும், முதலில் பெயர் சொல்லி அழைத்த பின்னரே. நாமோ பெயரைக் கேளாமல் வகையைக் கேட்கிறோம்.

முடிவே இல்லாத துயரங்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து சென்ற நம் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. பலரின் உடலும் கிடைக்கவில்லை. ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தி இல்லாவிடில் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய புதிய சட்டம் வரை தொடரும் விதி. பதிவேட்டிற்கு ஒரு முடிவு வேண்டும். நிவாரணத் தொகைக்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் அது இன்றியமையாதது. அதை விரைந்து தர வேண்டியது அரசின் கடமை. ஆனால் பதிவேட்டில் இடும் முத்திரை மனத்தில் விழுவதில்லை. கடலை நோக்கியே கதவைத் திறந்து வைத்திருக்கும் மனைவியிடம், சான்றிதழ்தான் வந்துவிட்டதே, இனியாவது தேறு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஈழத்தில் போர் 2009இல் முடிந்தது. காணாமற்போனோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு விடை தராமல் மரணச் சான்றிதழைக் கையில் திணிப்பதை அவர்களுள் பலர் ஏற்க மறுத்தனர். இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்த போலின் பாஸ், துயரத்திற்கு முடிவு என்பதே ஒரு கட்டுக்கதை என்று பிற்காலத்தில் ஒரு நூலே எழுதினார். அத்தாய்மாரின் மறுப்பை மனநோய் என்போர், நீதி கேட்கும் குரலை மருந்து கொடுத்து அடக்க நினைப்போரே ஆவர்.

தொடக்க நூலில் யாக்கோபைப் பாருங்கள். யோசேப்பின் அங்கியை ஆட்டுக்கிடாயின் இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் கொண்டுவந்தவர் அவருடைய பிள்ளைகள். அதைவிடத் திட்டவட்டமான முடிவு எது? பின்னர் அவர்களே சூழ்ந்து நின்று அவரைத் தேற்ற முயன்றனர். யாக்கோபு தேற மறுத்தார். யோசேப்போ எகிப்தில் உயிரோடிருந்தார். யாக்கோபுக்குக் கிட்டிய மறுசந்திப்பு இவ்வுலகில் எல்லார்க்கும் கிட்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பிறருக்கு அவசரமாக முடிவைக் கொண்டுவருவோர், பலவேளைகளில் தங்கள் அமைதிக்காகவே அதைக் கொண்டுவருகின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டவில்லையா? அழுகையைக் கேட்க நம்மால் முடியவில்லை. எனவே அழுபவரை முடிக்கச் சொல்கிறோம்.

இழந்தவரிடமிருந்து மனத்தை மெல்ல மெல்ல விலக்கிக்கொள்வதே துக்கத்தின் பணி என்று 1917இல் எழுதியவர் சிக்மண்ட் பிராய்ட். 1920இல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், அவள் இருந்திருந்தால் 36 வயது நிறைவடையும் நாளில், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அவர் கடிதம் எழுதினார். அந்த வெற்றிடத்தை எதுவும் நிரப்பாது என்றும், அவ்வாறு இருப்பதே தகும் என்றும், விட்டுவிட விரும்பாத அன்பு தொடர்வதற்கு அதுவே வழி என்றும் அதில் ஒப்புக்கொண்டார். ஏட்டில் எழுதிய கோட்பாடு தந்தையின் நெஞ்சில் செல்லுபடியாகவில்லை. இறந்தவரோடு உள்ள உறவு தொடர்வது நோயன்று என்று 1996இல் அறிஞர் சிலர் தொகுத்து வெளியிட்டபோது உளவியல் உலகம் அதைப் புதுமையாகக் கருதியது. ஆண்டுதோறும் இறந்தோர் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் நம் பாட்டிமார்க்கு அது புதுமையன்று.

'அப்படியானால் துயரிலேயே மூழ்கிக் கிடக்கச் சொல்கிறீர்களா?' என்று கேட்போர் உண்டு. இல்லை. உண்ணாமல், உறங்காமல், பிள்ளைகளைப் பேண இயலாமல், ஓராண்டு கடந்தும் துயரம் ஒருவரை முடக்கிப்போடுமானால் அதை நோயென்று மருத்துவ உலகம் வரையறுத்துள்ளது. 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர் கையேடும் அதை ஏற்றது. அத்தகையோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அன்பு. செபம் மட்டும் போதும் என்று தடுப்பது பாவம். ஆனால் அதை ஆய்ந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர். இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் பெற்றவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அன்பியக் கூட்டத்தில் எழுந்து பேசுபவரோ அல்லர். மனிதர் பலவிதம் என்று அறிவதும் நல்லதே. அடுத்தவர் நம்மைப்போல் அழ வேண்டியதில்லை என்ற பணிவை அது தருமானால். அடுத்தவர்க்குத் தீர்ப்பிடும் துணிவை அது தருமானால், அதை நாம் மறுக்கிறோம்.

நம்மையும் நாம் விசாரித்துக்கொள்வோம். வகுப்பு நடத்துவோரைக் குறை கூறும் நாம், 'எல்லாம் இறைவன் சித்தம், அழக்கூடாது' என்று சொல்லி எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறோம்? ஆண்பிள்ளை அழலாமா என்று எத்தனை சிறுவரைக் கல்லாக்கியிருக்கிறோம்? இளம் விதவை ஒருத்தி ஆறாம் மாதத்தில் சிரித்தாலும் பழி, ஆறாம் ஆண்டில் அழுதாலும் பழி என்று பேசியவர் யார்? முப்பதாம் நாள் திருப்பலியோடு அவ்வீட்டு வாசலை மறந்தவர் யார்?

ஆறுதல் என்னும் தமிழ்ச் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது. அதற்குரிய காலம் அதற்குள்ளேயே இருக்கிறது. விசிறலாம், மருந்திடலாம், அருகே அமரலாம். ஆறு என்று ஆணையிட இயலாது. பூட்டி முத்திரையிடும் பொருள் அச்சொல்லில் இல்லை.

ஆகவே துயருற்றோர் வீட்டிற்கு நாம் செல்வோம். முப்பதாம் நாளுக்குப் பின்னும் செல்வோம். நீ எந்த வகை, எந்தப் படியில் இருக்கிறாய் என்று கேளாமல், இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றிக் கேட்போம். பேசுவோர் பேசட்டும், பேசாதோரோடு நாமும் பேசாமல் அமர்ந்திருப்போம், ஓடு மாற்றுவோர்க்கு ஓடு எடுத்துக் கொடுப்போம். வரும் கல்லறைத் திருநாளில் ஒரே கல்லறையின் இரு பக்கமும் முகம் திருப்பி நிற்கும் அண்ணனையும் தங்கையையும் கண்டால், உங்கள் அம்மாவை நீங்கள் இருவரும் நேசித்தீர்கள் என்று சொல்ல நம்மில் ஒருவராவது முன்வருவோமா?