கை தூக்கியவரைக் கேளுங்கள்

வயல்விழாக்களுக்குப் போகும்போது விவசாயிகள் என்னிடம் உரத்தைப் பற்றிக் கேட்பது குறைவு. "வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, நன்றாக இருக்கும் சாலைக்கு மேல் சாலை போடுகிறார்களே ஐயா?" என்பதே அவர்கள் குறை. நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. 2021-26 காலத்திற்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கு என்று வரையறுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டைச் சம்பளம் நீங்கலாக உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம் என்று விட்டார்கள். அங்கேதான் கவுன்சிலரின் கைக்கு மதிப்பு. எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்திட்டுவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பவரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாய்ச்சண்டை வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். குறிப்பிட்ட நாளின் தீர்மானப் புத்தக நகலைக் கேளுங்கள். யார் வந்தார், யார் எதிர்த்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வாய்க்காலுக்காக வாதாடித் தோற்ற உறுப்பினரும் இருக்கலாம். அவரைத் தூற்றுவது பாவம்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5-இல் முடிந்துவிட்டது. தீர்மானப் புத்தகம் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அவர்கள் மீண்டும் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தால், நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.