அரசன் வாங்கிய வரி எவ்வளவு?

"என்ன தோழரே, அரசர் கதையா? முடியும் கோலும் வேண்டாமென்று மேடையிலே முழங்கிவிட்டு, மூலையிலே உட்கார்ந்து முடிமன்னர் கதை படிக்கிறீரே!" கேட்டார் நூற்பாலைத் தோழர் ஒருவர், படிப்பக வாசலிலே. சிரித்தோம். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல.

வாளும் வீரமும் மாளிகையும் மங்கையும் பேசும் கதைகள் மதியை மயக்கும் என்பது புதுக் குற்றச்சாட்டு அல்ல. ஸ்காட்லாந்து நாட்டு வால்டர் ஸ்காட் எழுதிய வீரர் கதைகளைப் படித்துப் படித்தே அமெரிக்கத் தென்பகுதிப் பண்ணை முதலாளிகள் தங்களைப் பிரபுக்களாக எண்ணிக் கொண்டனர், 1861-இல் மூண்ட உள்நாட்டுப் போருக்கும் அந்தப் போதையே பெருங்காரணம் என்று 1883-இல் சாடினார் மார்க் ட்வைன். கொஞ்சம் மிகைதான். பருத்திக் காட்டிலே அடிமையை வைத்துக் கொள்ளை லாபம் பார்த்தவனுக்குக் கதைப்புத்தகமா தேவை, போர் தொடுக்க? ஆனாலும், சாட்டையைப் பிடித்த கைக்குக் கதை ஒரு வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவே படிக்கக் கூடாதா? இங்கேதான் நாம் தோழரிடமிருந்து மாறுபடுகிறோம். யார் படிக்கிறார், எந்தக் கேள்வியோடு படிக்கிறார் என்று பாருங்கள்.

ஜார்ஜ் மார்ட்டின் என்றோர் எழுத்தாளர். 1948-இல் அமெரிக்காவிலே, நியூஜெர்சி மாநிலத்து பயோன் நகரிலே பிறந்தார். தந்தை துறைமுகத் தொழிலாளி. கப்பலிலே சரக்கு ஏற்றி இறக்குபவர். வளர்ந்தது சர்க்கார் கட்டித் தந்த தொழிலாளர் குடியிருப்பில். பேய்க்கதை எழுதி அண்டை வீட்டுச் சிறுவர்க்குச் சில காசுக்கு விற்றவர். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன், மனச்சான்று இடந்தரவில்லை என்று மறுத்தவர். அரியணைக்காக அடித்துக் கொள்ளும் பிரபுக் குடும்பங்களைப் பற்றிய அவருடைய பெருங்கதை 1996-இல் வெளிவரத் தொடங்கியது, உலகமே படித்தது.

அவர் இளமையிலே மயங்கிப் படித்தது டோல்கீன் எழுதிய மோதிரக் கதை. 1954, 1955-இல் மூன்று பாகங்களாக வந்தது. அதன் இறுதியிலே நல்ல அரசன் முடி சூடுகிறான், அறிவோடு ஆள்கிறான். சுபம்! மார்ட்டின் விடவில்லை. 2014-இல் பேட்டியொன்றிலே கேட்டார்: அந்த அரசனின் வரிக் கொள்கை என்ன? நிரந்தரப் படை வைத்திருந்தானா? வெள்ளமும் பஞ்சமும் வந்தபோது என்ன செய்தான்? தோற்ற பகைக் கூட்டத்தின் தொட்டில் குழந்தைகளையுமா வெட்டினான்?

பார்த்தீர்களா, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் கேள்வியை! அரசன் நல்லவன் என்றதும் கைதட்டவில்லை. கணக்கைக் காட்டு என்கிறார். டோல்கீனை வெறுத்துக் கேட்டதல்ல, விரும்பிப் படித்துவிட்டுக் கேட்டது. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதையிலே பாரம் சுமந்து மலையேறுபவன் சாம் என்னும் தோட்டக்காரன். 1916-இல் சோம் போர்க்களத்திலே தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களின் சாயல் அவனிடம் உண்டென்று டோல்கீனே சொன்னதுண்டு.

மார்ட்டின் போற்றும் இன்னொருவர் பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் துருவோன். நாஜி ஆதிக்கத்தை எதிர்த்தவர். 1943-இல் எதிர்ப்புப் படையினரின் பாடலைத் தம் மாமனோடு சேர்ந்து எழுதியவர். சாபம் பெற்ற அரசர்களைப் பற்றி 1955 முதல் 1977 வரை ஏழு நாவல்கள் தந்தார். தம் அரியணை ஆட்டத்துக்கு முன்னோடி இதுவே என்று முன்னுரை எழுதி ஒப்புக்கொண்டார் மார்ட்டின்.

என்ன சாபம்? 1314-இல் பாரிசிலே, தெம்ப்ளர் என்னும் மத வீரர் சபையின் தலைவரைச் சுட்டெரித்தான் அழகன் பிலிப் எனப்பட்ட நான்காம் பிலிப். அந்த ஆண்டே மாண்டான். அடுத்த 14 ஆண்டுகளில் மகன்கள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்டு மடிந்தனர். நேர் ஆண் வாரிசு அற்றது. நெருப்பிலே நின்றவர் சபித்தார், பலித்தது என்று கதை. சாபத்தை நாம் நம்புவோமா? நாம் அரண்மனைக் கஜானாவைப் பார்ப்போம்.

போர்ச் செலவுக்குப் பணமில்லாமல் நாணயத்திலே வெள்ளியைக் குறைத்துக் குறைத்து அடித்தான் பிலிப். 1306-இல் திடீரென நல்ல நாணயத்துக்குத் திரும்பினான். வீட்டுக்காரர்கள் நல்ல நாணயத்திலேயே வாடகை கேட்டார்கள். வாடகை மும்மடங்காயிற்று! கூலி மும்மடங்காயிற்றா? பொங்கி எழுந்தது பாரிஸ் மக்கள் கூட்டம். அரசன் ஓடி ஒளிந்தான். எங்கே? அதே தெம்ப்ளர்களின் கோட்டையிலே! கிளர்ச்சித் தலைவர்கள் தூக்கிலே தொங்கினர். 1307 அக்டோபரில், அடைக்கலம் தந்த தெம்ப்ளர்களையே ஒரே நாளில் நாடெங்கும் வளைத்துப் பிடித்தான். சொத்து மீது கண். 1315-இல் அவன் மகன் பத்தாம் லூயி பண்ணையடிமைகளுக்கு விடுதலை என்று ஆணையிட்டான். இலவசமா? விலை கொடுத்து வாங்கிக் கொள்ள வேண்டும், விடுதலையை!

சபிக்கப்பட்டவர் அரசர், சாபத்தைச் சுமந்தவர் வாடகை கொடுத்தவர்.

மார்ட்டினிடமும் நமக்கு வழக்கு உண்டு. வரி கேட்ட அவரே ஐந்து பாகங்களில் பெரும்பாலும் பிரபுக்களின் கண் வழியாகவே கதை சொல்கிறார். கொல்லன் பட்டறையிலே ஓர் இளைஞன் வருகிறான். ஆவலோடு பார்த்தால் அவனும் அரசனின் முறையில்லாப் பிள்ளையாம்! சேரியிலே பிறந்து கள்ளக் கடத்தல் செய்து உயர்ந்த தாவோஸ் ஒருவன் இருக்கிறான், ஆறுதலாக. சமைத்தவர், சுவர் கட்டியவர், பிணம் புதைத்தவர் எல்லாம் வந்து போகிறவர்களே.

நூற்பாலைத் தோழர் முழுதும் கேட்டார். ஒப்புக்கொள்ளவில்லை. "தூக்கிலே தொங்கினார்களே பாரிஸ்காரர்கள், அவர்களைப் பற்றி எவராவது எழுதியிருந்தால் அதைக் கொடுங்கள், படிக்கிறேன்" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறோம்.