மொட்டை மாடியில் காத்திருக்கும் கம்பிகள்

மணலியின் குடியிருப்புத் தெருக்களில் நடந்து செல்லும் எவர் கண்ணிலும் ஒரு காட்சி தவறாமல் படும். வீடுகளின் மொட்டை மாடியில், தூண்களின் தலையிலிருந்து துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பாதியில் நின்றுபோன வீடுகள் அல்ல. குடும்பங்கள் வாழும் வீடுகள். மகளின் திருமணம் முடிந்த பிறகோ, மகனுக்கு வேலை கிடைத்த பிறகோ மேலே ஒரு தளம் எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் அவை.

எங்கள் பகுதியின் வளர்ச்சியே அப்படித்தான் நிகழ்ந்தது. 1960-களில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் மணலிக்கு வந்தபோது, அவற்றை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். குடிசை ஓட்டு வீடானது. ஓட்டு வீடு கான்கிரீட் வீடானது. வங்கிக் கடனில் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை சில. ஒவ்வோர் ஆண்டு போனஸிலும் ஒரு சுவராக எழுந்தவை பல.

எங்கள் தெருவில், ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் வசிக்கிறார். 600 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் மழையின்போது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதிலிருந்து மாடியில் ஒரு தளம் எழுப்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். அண்மையில் என்னைத் தேடி வந்து, 'சார், அனுமதி வாங்கிக் கட்டினால் என்ன செலவு, வாங்காமல் கட்டினால் என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்' என்றார். பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த நான், இதைவிடத் தெளிவான ஒரு கேள்வியை எந்தத் தேர்விலும் கேட்டதில்லை.

முதல் பத்தியை எழுதத் தொடங்கினேன். தமிழ்நாட்டில் வீடு கட்டுவதை நெறிப்படுத்துவது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். வெள்ளையடித்தல், சுவர்ப் பூச்சைப் புதுப்பித்தல், தரையை மாற்றுதல் போன்ற சிறு பராமரிப்புப் பணிகளுக்கு அனுமதி தேவையில்லை. புதிய தளம் எழுப்புவதற்கு அனுமதி கட்டாயம். 2011-இல் மணலி நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் இரண்டாவது மண்டலமானதால், கட்டணமும் மாநகராட்சிக் கட்டணமே.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோர் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. கோப்பின் பின்னால் மாதக்கணக்கில் அலைந்த நடுத்தர மக்களுக்கு இது உண்மையான விடுதலை. அதைப் பாராட்டத் தயங்கக் கூடாது. ஆனால், திட்டம் தொடங்கியபோது சென்னை மாநகராட்சிக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒருங்கிணைந்த கட்டணம் சதுர அடிக்கு 100 ரூபாய். அந்த வீதத்தை நம் அன்பரின் 600 சதுர அடிக்குப் பொருத்திப் பார்த்தால் 60,000 ரூபாய் வருகிறது. மேஸ்திரி சொன்ன மதிப்பீடு சதுர அடிக்கு 2,400 ரூபாய். மொத்தம் 14 லட்சத்து 40 ஆயிரம். அதில் நூற்றுக்கு நான்குக்கும் சற்று அதிகமாகக் கட்டணம். கேட்பதற்குச் சிறு விகிதம்தான். ஆனால், அவர் கணக்கில் அது ஒரு கழிப்பறையும் மாடிப்படியின் ஒரு பகுதியும்.

இரண்டாவது பத்தி இன்னும் சிக்கலானது. அனுமதியின்றிக் கட்டினால் இன்றைய செலவு சுழியம். நாளைய செலவு? வங்கிக் கடன் கிடைக்காது. விற்கும்போது மதிப்புக் குறையும். அறிவிக்கை வருமோ என்ற அச்சம் தொடரும். 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நீண்ட காலம் கடந்துவிட்டது என்பதாலோ அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதாலோ விதிமீறல் கட்டடம் சட்டப்படியானதாகிவிடாது என்று மீண்டும் உறுதிபடக் கூறியது. ஆனாலும், மேஸ்திரி சொன்ன வாக்கியம் அன்பரின் மனதில் பதிந்துவிட்டது: 'இப்போது கட்டிவிடுங்கள், பிறகு வரன்முறைத் திட்டம் வரும்.'

மேஸ்திரி வரலாறு அறியாதவர் அல்லர். 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்யப்பட்டது. 2000-இல் உச்சநீதிமன்றம் அதை ஒருமுறைச் சலுகை என்ற அளவில் ஏற்றது. அதன் பின்னரும் காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ஏற்க மறுத்தது. பின்னர் 2007 ஜூலை 1-க்கு முன் எழுந்த கட்டடங்களுக்காக 113-சி பிரிவு வந்தது. அனுமதியற்ற மனைகளுக்கு 2017-இல் தனித் திட்டம் வந்தது. 'இதுவே கடைசி' என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது. மக்கள் அரசின் சொல்லைக் கேட்கவில்லை, செயலைப் பார்த்தார்கள்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 2004-இல் நோபல் பரிசு பெற்ற கிட்லண்ட், பிரெஸ்காட் ஆகிய இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரையில் வெள்ளச் சமவெளியில் கட்டப்படும் வீடுகளைப் பற்றிப் பேசினார்கள். 'அங்கே வீடு கட்டினால் வெள்ளத் தடுப்பு செய்து தர மாட்டோம்' என்று அரசு சொல்கிறது. ஆனால், வீடுகள் எழுந்துவிட்டால் அரசு காப்பாற்றியே தீரும் என்பது மக்களுக்குத் தெரியும், ஆகவே கட்டுகிறார்கள், அரசும் காப்பாற்றுகிறது. கொசஸ்தலை ஆற்றின் வடிநிலத்தில் வாழும் எங்களுக்கு இதைப் பாடநூலில் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அடிக்கடி மாறும் விதி, விதியை மதித்து முதலிலேயே பணம் கட்டியவரை ஏமாளியாக்குகிறது என்பதே இதன் சாரம்.

அப்படியானால் கட்டணமே கூடாதா? அது என் வாதமன்று. ஒரு வீட்டின் மேல் ஒரு தளம் எழும்பினால் குடிநீர்த் தேவை, கழிவுநீர், குப்பை எல்லாம் கூடுகின்றன. அண்டை வீட்டாரின் காற்றும் வெளிச்சமும் குறைகின்றன. அந்தச் சுமையில் ஒரு பங்கை ஏற்பது நியாயமே. கேள்வி, யாரிடம் எவ்வளவு, எதற்காக என்பதே.

அண்டை மாநிலங்களைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் கட்டட அனுமதிக் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்திய கேரளம், மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2024 ஆகஸ்ட் முதல் அதைக் குறைத்தது. 81 முதல் 150 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு மாநகராட்சிகளில் சதுர மீட்டருக்கு 100 ரூபாயாக இருந்தது 40 ரூபாயானது. 80 சதுர மீட்டர், அதாவது சுமார் 860 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு உயர்வே பொருந்தாது என்றும் வைத்தனர். சென்னையின் 100 ரூபாய் சதுர அடிக்கானது. சதுர மீட்டரில் அது ஏறத்தாழ 1,076 ரூபாய். சென்னைக் கட்டணம் பல தலைப்புகளை ஒன்றாக்கியது. கேரளத்தினுடையது அனுமதிக் கட்டணம் மட்டுமே. எனவே இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும், சிறிய வீட்டைத் தனியே பிரித்துப் பார்க்கும் பார்வை அங்கே இருக்கிறது.

தெலங்கானம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2020-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 75 சதுர கஜம், அதாவது 675 சதுர அடி வரையிலான மனையில் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட அனுமதியே தேவையில்லை. ஒரு ரூபாய் செலுத்திப் பதிவு செய்தால் போதும். இங்கிலாந்திலும் வீட்டின் பின்புறம் குறிப்பிட்ட அளவுக்குள் செய்யப்படும் சிறு விரிவாக்கத்துக்குத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால், கட்டடத்தின் உறுதி குறித்த விதிகள் அங்கே தனியே நிற்கின்றன, அவற்றிலிருந்து விலக்கில்லை. அனுமதி வேறு, பாதுகாப்பு வேறு என்ற இந்தப் பிரிப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் சரிந்து 61 உயிர்களைப் பறித்த அடுக்குமாடிக் கட்டடம் அனுமதி பெற்ற கட்டடம்தான். தாளில் இருந்த அனுமதி தூண்களைத் தாங்கவில்லை. மணலியில் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்துக்கென்று போடப்பட்ட அடித்தளத்தின்மேல், பலமுறை வெள்ளத்தில் ஊறிய தூண்களின்மேல், கடற்காற்றில் துருவேறிய கம்பிகளோடு புதிய கம்பிகளைக் கட்டி இரண்டாவது தளம் எழுப்பப்படுகிறது. அது தாங்குமா என்ற கேள்விக்கு உரிமையாளரின் சுயசான்று விடையாகாது. 60,000 ரூபாயைக் கட்டணமாகக் கொடுத்த குடும்பம், பொறியாளருக்குச் சில ஆயிரம் கொடுக்கத் தயங்கும் என்பதே நடைமுறை. கட்டணம் பாதுகாப்பை வாங்கித் தராமல், பாதுகாப்புக்கான பணத்தை எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. எங்கள் பகுதியில் பல வீடுகள் தாழ்ந்து போனது வீட்டுக்காரர்களின் குற்றமன்று. சாலைகளைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடுக்கடுக்காகத் தார் போட்டதால் வாசல் படிகள் புதைந்தன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்த வேண்டியிருந்தது. அதற்குள் தரையை உயர்த்தியவர்களும், ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கியவர்களும் உண்டு. கொசஸ்தலை வடிநிலத்தில் 3,220 கோடி ரூபாய் மதிப்பில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியுடன் மழைநீர் வடிகால் பணி நடைபெறுகிறது. அது முழுப் பயன் தரட்டும். அதுவரை, வெள்ளத்திலிருந்து தப்ப மாடி எழுப்புபவரையும் வாடகை வருவாய்க்காக மாடி எழுப்புபவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நீதியாகுமா?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, மொத்தக் கட்டட அளவு 1,200 சதுர அடிக்குள் அடங்கும் வீடுகளுக்குப் பெயரளவிலான கட்டணம் வைத்து, அதற்கு மேல் அளவுக்கேற்ப வீதம் உயர வேண்டும். புதிய தளத்துக்குச் சொத்து வரி ஆண்டுதோறும் வரத்தான் போகிறது. ஒருமுறைக் கட்டணத்துக்கு அஞ்சி மறைந்து கட்டப்படும் தளம் வரிப் பதிவேட்டிலும் மறைந்தே இருக்க முயலும். இரண்டாவதாக, பழைய வீட்டின்மேல் தளம் எழுப்புவோருக்கு அடித்தளச் சோதனையைக் கட்டாயமாக்கி, குறைந்த செலவில் அதைச் செய்து தரும் பொறியாளர் குழுவை மண்டலந்தோறும் அமைக்க வேண்டும். அரசுப் பொறியியல் கல்லூரிகளையும் பாலிடெக்னிக்குகளையும் இதில் ஈடுபடுத்தலாம். மூன்றாவதாக, வெள்ளம் பாதித்ததாக மாநகராட்சியே பதிவு செய்துள்ள தெருக்களில், தரைமட்டத்தை உயர்த்தவும் மேல்தளத்தில் ஓர் அறை எழுப்பவும் கட்டண விலக்கு வேண்டும். நான்காவதாக, அனுமதி தேவைப்படாத பணிகளின் பட்டியலை எளிய தமிழில் ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் எழுதி வைக்க வேண்டும். இவையெல்லாம் நடந்த பிறகு, வரன்முறைத் திட்டங்களுக்கு உண்மையாகவே முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாவது திட்டம் 2046 வரையிலான நகரை வரையப் போகிறது. அந்த வரைபடத்தில் தொழிற்சாலைகளும் துறைமுகச் சாலைகளும் நிச்சயம் இடம்பெறும். அவற்றுக்கு நடுவே 600 சதுர அடியில் வாழ்பவர்களும் இடம்பெற வேண்டும்.

அன்பரிடம் தாளைக் கொடுத்தேன். முதலில் ஒரு பொறியாளரை அழைத்து அடித்தளத்தைக் காட்டுங்கள், பிறகு அனுமதி வாங்கியே கட்டுங்கள் என்று கீழே எழுதியிருந்தேன். இரண்டு பத்திகளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் அவர் முடிவு செய்யவில்லை. வடகிழக்குப் பருவமழை அவருடைய முடிவுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.